வரி போயிற்று, கடன் போயிற்றா?

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, பிரசாதம் வாங்கிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தில் நின்று கதைக்கும்போது எம்மவர் வாயில் அண்மைக்காலமாக இரண்டு பேச்சுக்கள் அடிக்கடி வருகின்றன. "அவுஸ்திரேலியாவில் மரண வரி இல்லைத்தானே, பிறகு ஏன் உயில், கியில் என்று சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கவேணும்? எல்லாம் பிள்ளையளுக்குத்தானே" என்பது ஒன்று. "மரண வரி திரும்பவும் வரப்போகுதாம், இப்பவே வீட்டை மகன்ரை பேருக்கு மாத்திப் போடுங்கோ" என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. அரசாங்கத்துக்குக் கொடுக்கவேண்டியது ஒன்றுமில்லை என்றால், அல்லது கொடுக்காமல் தப்பிக்கொண்டால், எமது கடமை முடிந்துவிட்டது என்ற எண்ணந்தான் அது. இந்த எண்ணம் சரியானதா என்பதையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகின்றோம்.

முதலில் உண்மை நிலையைச் சற்று விளங்கிக்கொள்வோம். இந்நாட்டில் மரண வரி ஒருகாலத்தில் இருந்தது. மாநிலங்கள் தனித்தனியே அறவிட்டன. அதற்கு மேலாக 1914 ஆம் ஆண்டு முதல் மத்திய அரசும் அறவிட்டது. 1977 இல் குயின்ஸ்லாந்து மாநிலம் தனது வரியை நீக்கியது. வயதானவர்கள் தம் சொத்துக்களுடன் அங்கே குடிபெயர்வதைக் கண்ட மற்ற மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியிற் சென்றன. மத்திய அரசு 1979 யூலை 1 ஆந் திகதியுடன் கைவிட்டது. எமது விக்ரோறியா மாநிலத்தில் 1984 ஆம் ஆண்டு தொடங்கும்போது அந்த வரி இல்லை. அடுத்த ஆண்டில், அதாவது 1985 இல், இந்தியாவும் இலங்கையும் தத்தமது மரண வரிகளை நீக்கிக்கொண்டன.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். 1983 ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின்னர்தான் எம்மவரிற் பெரும்பாலானோர் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தோம். நோபல் பார்க்கிலும் டன்டினோங்கிலும் ஸ்பிரிங்வேலிலும் தொழிற்சாலை வேலை செய்து, இரவு வேலை செய்து, வீட்டுக்கடன் கட்டி முடித்தோம். அப்படி நாம் தேடிய தேட்டத்தின்மீது, இறக்கும்போது அரசுக்கு ஒரு பங்கு என்ற சட்டத்தை நாம் ஒருநாளும் சந்திக்கவில்லை. பிறந்த நாட்டிலும் அது போய்விட்டது. வந்த நாட்டிலும் அது போய்விட்டது. ஆகவே மரணமும் வரியும் சம்பந்தப்பட்ட கேள்வியை நாம் யோசிக்கவேண்டிய தேவையே ஏற்படவில்லை. ஆனால் லண்டனில் இருக்கும் எமது உறவினர் அதை நன்கு அறிவர். அங்கே 325,000 பவுணுக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 வீத வரி உண்டு. குடியிருந்த வீடு பிள்ளைகளுக்குப் போகும்போது சில சலுகைகளும் உண்டு. 2025 ஏப்ரலுக்குப் பின்னர், ஒருவர் அங்கே எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை வைத்தே அவருடைய வெளிநாட்டுச் சொத்துக்கும் இந்த வரி உண்டா என்று தீர்மானிக்கின்றார்கள். இருபது ஆண்டு லண்டனில் இருந்தவரின் யாழ்ப்பாணத்து வளவும் கணக்கில் வரக்கூடும் என்பதே இதன் பொருள். சட்டம் ஓரிடத்திற் போகும். இன்னோரிடத்தில் வேறு உருவில் வரும்.

இந்நாட்டிலும் அப்படித்தான். 1985 செப்டெம்பர் 20 ஆந் திகதியிலிருந்து மூலதன இலாப வரி நடைமுறையில் உள்ளது. ஒருவர் இறந்தவுடன் அந்த வரி எழுவதில்லை; பிள்ளை அந்தச் சொத்தை விற்கும்போது எழும். பெற்றோர் கடைசிவரை குடியிருந்த, வாடகைக்கு விடாத வீட்டை இறந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விற்று முடித்தால் பொதுவாக வரி இல்லை. 1985 க்கு முன்னர் பெற்றோர் வாங்கிய காணியானால், அவர் இறந்த நாளின் சந்தை விலையே பிள்ளைக்கு அடிப்படை விலையாகும். ஊர்க் காணிக்கும் இது பொருந்தும். ஆகவே அந்த நாளின் மதிப்பீட்டுப் பத்திரம் ஒன்றை எடுத்து வைத்திருப்பது நல்லது.

இன்னொன்று சுப்பர். நாற்பது ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி இன்று அதிலேதான் இருக்கின்றது. ஆனால் அது தானாக உயிலுக்குள் அடங்குவதில்லை என்பது எம்மவரிற் பலருக்குத் தெரியாது. யாருக்கு என்று சுப்பர் நிதியத்துக்குத் தனியாக எழுதிக்கொடுக்கவேண்டும். பல நிதியங்களில் அந்தப் பத்திரம் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். கணவன் மனைவிக்கோ 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கோ மொத்தமாகப் போனால் வரி இல்லை. வளர்ந்து, தம் காலில் நிற்கும் பிள்ளைகளுக்குப் போனால், வரிக்குட்பட்ட பகுதியில் 15 வீதமும் சில வேளைகளில் மெடிக்கேர் கட்டணம் 2 வீதமும் கழியும். தங்கிவாழாத சகோதரருக்கோ ஊரிலுள்ள உறவினருக்கோ நேராக எழுதினால் அது செல்லாது. உயில் வழியாகவே போகவேண்டும். மரண வரி என்று எவரும் பெயர் சொல்லாவிட்டாலும், பிள்ளையின் கையில் விழும்போது குறைந்துதான் விழுகின்றது.

இனி, எம் மத்தியில் பல வீடுகளில் நடந்தவற்றை ஒரே வீட்டில் நடந்ததாகச் சேர்த்துச் சொல்கின்றோம். இவர்தான் அவர் என்று எவரும் விரல் நீட்டவேண்டாம்.

ஹீதர்ட்டன் வீதிக்குப் பக்கத்தில் செங்கல் வீடு ஒன்று. தகப்பன், தாய், மகள், மகன். மகளுக்கு ஊரிலேயே கலியாணம் நடந்தது. காங்கேசன்துறைப் பக்கத்தில் இருந்த தாயின் வீட்டையும் வளவையும் சீதன உறுதி எழுதிக் கொடுத்தார்கள். 1990 இல் அந்தப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. வளவு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. மகளும் பின்னர் இங்கு வந்து, கணவனுடன் வாடகை வீடு வாடகை வீடாக மாறினாள். உறுதி மட்டும் அவளிடம் இருந்தது. மகன் இங்கேயே படித்தான், பெற்றோருடன் இருந்தான். தாய் காலமானபின், யாரோ சொன்னதைக் கேட்டுத் தகப்பன் நோபல் பார்க் வீட்டை மகனுக்கு மாற்றிக் கொடுத்தார். "அரசாங்கம் எடுத்துப்போடும்" என்பதே அவர் சொன்ன காரணம். எடுப்பதற்கு அப்படி ஒரு வரியே அப்போது இருக்கவில்லை.

விளைவு என்ன? உயிலின் வழியாகப் போயிருந்தால் வேண்டியிராத முத்திரை வரி, சந்தை விலைக்கே கட்ட நேர்ந்தது. பென்சன் பெறுபவர் ஒரு நிதியாண்டில் 10,000 டொலர், ஐந்து ஆண்டுகளில் 30,000 டொலர் வரைதான் கணக்கில்லாமல் அன்பளிப்புச் செய்யலாம். அதற்கு மேற்பட்டதை ஐந்து ஆண்டுகளுக்கு அவருடைய சொத்தாகவே சென்ரர்லிங்க் கணக்கிடும். தான் குடியிருக்கும் வீடாக இருந்தவரை அது பென்சனைத் தொடாமல் இருந்தது, கொடுத்தபின் தொட்டது. சாகும்வரை அங்கே இருக்கும் உரிமையை முறைப்படி எழுதி வைத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். அதையும் அவர் செய்யவில்லை. பின்னர் மகனின் குடும்பம் பிரிந்தது. வீடு அவர்களுடைய சொத்துப் பங்கீட்டுக்குள் வந்தது. எண்பது வயதில் தகப்பன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளின் வாடகை வீட்டுக்குப் போனார். கையில் உறுதியும் காலில் நிலமும் இல்லாத அந்த மகளே அவரைக் கடைசிவரை பார்த்தாள்.

இதில் வரியால் வந்த நட்டத்தை ஒரு கணக்காளர் சொல்லிவிடுவார். நாம் கேட்க விரும்புவது வேறு. அந்தத் தகப்பன் யாருக்கு என்ன கடன்பட்டிருந்தார்?

மகன் தன் பக்கத்தை இப்படிச் சொல்வான்: "அக்காவுக்குச் சீதனம் குடுத்தாச்சு." இது வெறும் பேராசைப் பேச்சன்று, எமது பழைய நீதியின் குரல். யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து 1707 இல் கொடுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். பிரித்தானியர் 1806 இல் அதற்குச் சட்டவலு அளித்தார்கள். அந்தத் தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து வகுக்கப்பட்டது. சீதனம் பெற்று வெளியேறிய பெண் அதனோடு திருப்திப்படவேண்டும், எஞ்சியது ஆண்மக்களுக்கு. ஆனால் அதே தொகுப்பில் இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. பெற்றோர் உயிருடன் இருக்கும்வரை ஆண்மக்கள் எதையும் கேட்க முடியாது. மணமாகுமுன் உழைத்ததைப் பொதுச் சொத்தில் சேர்க்கவும் வேண்டும். பெற்றோர் ஒரு சதமும் வைக்காமற் போனாலும் அவர்களுடைய கடனை ஆண்மக்கள் தீர்க்கவேண்டும். பெறுவதும் சுமப்பதும் ஒரே கையில் இருந்தன. இன்று நாம் சீதனத்தைப் பற்றிய பகுதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, கடனைப் பற்றிய பகுதியை மறந்துவிட்டோம்.

அத்துடன், சீதனம் கொடுத்தபோது அந்த வளவுக்கு ஒரு பெறுமதி இருந்தது. பின்னர் பல ஆண்டுகள் அதில் காலடி வைக்க முடியவில்லை. மகளின் பங்கு காகிதமாகிவிட்டபோது, "குடுத்தாச்சு" என்ற சொல் உண்மையாக இருக்கின்றதா? அதற்குத் தகப்பன் பொறுப்பில்லை என்பது உண்மையே. ஆனால் யுத்தம் செய்த அநியாயத்தை ஒரு பிள்ளையின் தலையில் மட்டும் இறக்கிவைக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. சமமாகப் பிரிப்பது நீதிக்கு ஓர் எளிய வழி; எப்போதும் அதுவே நீதி ஆகிவிடாது. ஒருவர் பெற்றதையும், இழந்ததையும், பார்த்துப் பராமரித்ததையும் எண்ணிப் பார்த்தே பங்கு சொல்லவேண்டும். அப்படிப் பார்த்தபின் சமமாகக் கொடுத்தாலும் சரி, கூடக்குறையக் கொடுத்தாலும் சரி, காரணத்தைப் பிள்ளைகளுக்கு உயிருடன் இருக்கும்போதே சொல்லவேண்டும். பிள்ளைகளின் மனக்கசப்பு பெரும்பாலும் தொகையால் வருவதில்லை. "அப்பா என்னை எண்ணவில்லை" என்ற நினைப்பால் வருவது.

இனி இரண்டாவது கேள்வி. வரியைக் குறைக்க வழி தேடுவது பாவமா? சட்டம் அனுமதிக்கும் ஒழுங்கைச் செய்வதில் தவறில்லை என்பதே எமது கருத்து. உயிருடன் இருக்கும்போது சுப்பரை எடுத்துப் பிள்ளையின் வீட்டுக்கடனுக்கு உதவுவது சட்டப்படியானது. பல வேளைகளில் அறிவானதும்கூட. பொய்ப் பத்திரமும் மறைத்த கணக்கும் வேறு, அவை களவு. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு மனநிலை உண்டு. 1979 யூலை 1 இல் மத்திய மரண வரி நீங்கியபோது நடந்ததை யோசுவா கான்ஸ், அண்ட்ரூ லீ என்ற இரு பொருளியலாளர்கள் 2006 இல் ஆராய்ந்தார்கள். வரி நீங்குவதற்கு முந்திய வாரத்தில் நிகழ்ந்திருக்கவேண்டிய ஏறத்தாழ 50 மரணங்கள் அடுத்த வாரத்தில் பதிவாகியிருந்தன என்று அவர்கள் கண்டார்கள். உண்மையிலேயே உயிர் இழுத்துப் பிடித்திருந்ததோ, திகதிதான் மாற்றி எழுதப்பட்டதோ, அந்தக் குடும்பங்களுக்கே வெளிச்சம். தகப்பனின் கட்டிலருகே இருந்துகொண்டு நாட்காட்டியைப் பார்க்கும் நிலை எங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கின்றோம். திட்டமிடுதல் நல்லது. திட்டம் மனிதரைவிடப் பெரிதாகிவிட்டால் அதன் நோக்கம் கெட்டுவிடும்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. வரி இல்லை என்றால் ஊருக்கு நாம் கடன்படவில்லையா? "உழைக்கும்போதே வரி கட்டினோம், செத்தபிறகு ஏன் மறுபடியும்?" என்று கேட்பதில் நியாயம் உண்டு. அதே வேளை, நாம் வந்த நாட்களை எண்ணிப் பார்ப்போம். அரச செலவில் ஆங்கிலம் படித்தோம். மெடிக்கேர் அட்டையுடன் பிள்ளை பெற்றோம். பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் படித்தே வைத்தியரும் பொறியியலாளரும் ஆனார்கள். இவற்றுக்குக் காசு கட்டியவர்கள் எமக்கு முகம் தெரியாதவர்கள். அவர்களிற் சிலரின் சொத்திலிருந்து அறவிடப்பட்ட மரண வரியும் இந்நாட்டின் பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் ஒருகாலத்தில் சென்றிருக்கும்.

இந்த வரியைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி அரசுக்காகத் தயாரிக்கப்பட்டு 2010 இல் வெளியான ஹென்றி அறிக்கை பேசியது. கொண்டுவரும்படி அது சிபார்சு செய்யவில்லை. மக்கள் கலந்துரையாடவேண்டும் என்றது. 2019 பொதுத் தேர்தல் காலத்தில் வதந்தி பரவியது. பிரதான கட்சிகள் இரண்டில் எதுவும் அதைக் கொள்கையாக வைத்திருக்கவில்லை. 2021 இல் உற்பத்தித்திறன் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையின்படி, 2018 ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 120 பில்லியன் டொலர் முதுசமாகவும் அன்பளிப்பாகவும் கைமாறியது. பெற்றோரின் சொத்து வந்து சேரும்போது பிள்ளைகள் ஐம்பது வயதை அண்டியிருக்கின்றார்கள் என்பதையும் அது காட்டுகின்றது. முப்பது வயதில் தேவைப்பட்டது ஐம்பதில் வருகின்றது. உரியவர் கேட்காமலே இதற்குள் ஒரு பாடம் இருக்கின்றது: கொடுக்கக்கூடியதை, எமது முதுமைக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்துவிட்டு, காலத்தோடு கொடுப்பது.

வரி திரும்ப வரவேண்டுமா என்பதில் எமது அங்கத்தவர்களிடையே பலவித கருத்துக்கள் இருக்கலாம். கோயில் மலர் அதற்குத் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் ஒன்று சொல்லலாம். அரசு ஒரு பங்கைக் கட்டாயமாக எடுத்தபோது, கொடுக்கும் கடமையை அது எமக்காகச் செய்தது. எடுக்காமல் விட்டபோது அக்கடமை எமது கைக்கு வந்திருக்கின்றது, மறைந்துவிடவில்லை. எமது முன்னோர் இதைச் சட்டம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். இறந்த தாயின் பெயரில் வழிப்போக்கருக்கு ஒரு மடம், சந்தியில் ஒரு சுமைதாங்கி, மாடுகளுக்கு ஒரு தண்ணீர்த்தொட்டி. தரும சாதனம் எழுதி, அதன் செலவுக்கு நாலு பரப்பு வயலும் விட்டார்கள். வரி அதிகாரி எவரும் வந்து கேட்கவில்லை.

கோயிலுக்கு எழுதி வையுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. கோயிலுக்குக் கொடுப்பவரைக் கோயில் மறக்காது. ஆனால் டன்டினோங் வைத்தியசாலைக்கோ, ஊரில் படிக்க வசதியில்லாத ஒரு பிள்ளைக்கோ, அண்மையில் அகதியாக வந்து நாம் அன்று இருந்த நிலையில் இன்று இருக்கும் வேறு இனத்து அயலவருக்கோ கொடுத்தாலும் அது இறைவனுக்குச் சேரும். எவ்வளவு என்பதல்ல, உயிலில் அப்படி ஒரு வரி இருக்கின்றதா என்பதே கேள்வி. பிள்ளைகள் அந்த வரியை வாசிக்கும்போது பெற்றோரைப் பற்றி ஒன்றை அறிந்துகொள்வார்கள்.

திருவள்ளுவர் தந்தை மகனுக்குச் செய்யவேண்டிய உதவியைச் சொல்லும்போது சொத்தைச் சொல்லவில்லை. கற்றோர் அவையில் முன்னிற்கத் தக்கவனாக ஆக்குவதையே சொன்னார். அந்த உதவியை எம்மிற் பலர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டோம். எஞ்சியிருப்பது செங்கல்லும் வங்கிக் கணக்கும். அவற்றைப் பிள்ளைகளைப் பிரிக்கும் பொருளாக விட்டுப்போகாமல் இருப்பதே இனி எமது வேலை.

ஆகவே சில சிறிய காரியங்களை இவ்வாண்டிலேயே செய்வோம். உயில் இல்லாதவர் எழுதுவோம். விக்ரோறியாவில் இரண்டு சாட்சிகள் ஒருசேர இருக்கக் கையொப்பமிடவேண்டும். இலங்கையில் நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது ஐந்து சாட்சிகளும் தேவை. ஊரில் காணி உள்ளவர் இதையும் கேட்டறியவேண்டும். இங்கு திருமணம் செய்தால் முன்னைய உயில் பொதுவாக இரத்தாகும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்வோம். உயில் இல்லாமல் இறந்தால், 2017 நவம்பருக்குப் பின்னர் விக்ரோறியாவில், பிள்ளைகள் அனைவரும் இருவருக்கும் பிறந்தவர்களானால் முழுவதும் கணவன் அல்லது மனைவிக்கே போகும். பிள்ளைகளுக்குப் பாதி என்று எண்ணியிருப்பவர் ஏமாறுவர். சுப்பர் பத்திரத்தின் திகதியைப் பார்ப்போம். சட்டம் மாறும்போதும், வீட்டில் பிறப்போ இறப்போ பிரிவோ நேரும்போதும், எழுதியதைத் திரும்ப எடுத்து வாசிப்போம். 1995 இல் எழுதிய உயில் 1995 இன் வீட்டுக்குத்தான் பொருந்தும். இவை பொதுவான விளக்கங்கள். அவரவர் விடயத்துக்கு ஒரு சட்டத்தரணியையும் கணக்காளரையும் நாடுவதே முறை.

எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டின்பின் பிள்ளைகளை இருத்தி, மகளையும் மகனையும் ஒருங்கே இருத்தி, "இது இவ்வளவு இருக்குது, இப்படிச் செய்ய யோசிக்கிறோம், உங்களுக்கு என்ன தோன்றுது?" என்று கேட்போம். சாவைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வருடந்தோறும் ஆடி அமாவாசைக்குத் தந்தையருக்கும் சித்திரைப் பூரணைக்குத் தாயருக்கும் எள்ளும் தண்ணீரும் விடுகின்ற நாம், எமக்குப் பின்னால் வருபவர்களுக்கு ஒரு மணிநேரப் பேச்சைக் கொடுக்கலாம்.